நண்பன் பேசிய ஒரே காட்சி

நாடகம், சினிமா, பத்திரிகை என்று மூன்று பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அந்தப் பெருமையை எழுதுங்கள் என்றார் இந்தப் பத்திரிகை ஆசிரியர். எழுத உட்கார்ந்தால் பெருமை வரவில்லை. போன மாதம் ஆம்பூர் தியேட்டரில் பட்ட வெட்கம்தான் வருகிறது.

ஆம்பூரில் நான் போட்ட நாடகங்களுக்கெல்லாம் என் நண்பன்தான் கதாநாயகன். ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. மைக் மக்கர் செய்தாலும் அவன் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். நான் வசனம் எழுதிய படத்தில், தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி வேஷம் ஒன்று வந்தது. சண்டை போட்டு அதை அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அதுவரைக்கும் நான் யோக்கியன்தான்.

டப்பிங் சமயத்தில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "வேற ஆளைப் பேச வெச்சிடலாம்" என்றார் டைரக்டர். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த படம் அவர் கையில் இருந்தது. அதோடு விட்டேனா? டப்பிங் பேச வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் ஊர்ப் பேச்சை நானே சொல்லிக் கொடுத்தேன். நண்பனிடம் மூச்சு விடவில்லை.

படம் வந்த அன்று, கண்ணில் புரை விழுந்த தன் அம்மாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தான். "படம் தெரியாட்டி இன்னா, உன் கொரலு கேக்கும் இல்ல?" என்றபடி அந்த அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

காட்சி வந்தது. திரையில் அவன் வாயைத் திறந்தான். வேறு யாரோ பேசினார். நண்பன் என் பக்கம் திரும்பினான். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோலை உரித்துக் காயப் போட்டதுபோல் எரிந்தது.

"எப்படா நீ வருவ?" என்று அம்மா கேட்டார்.

"இன்னும் நேரம் கீதும்மா."

இடைவேளையில் கேட்டார். அப்புறமும் கேட்டார். படம் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"இன்னாடா, நீ பேசவே இல்லியே?"

"என் சீனைக் கட் பண்ணிட்டாங்கம்மா." அவர் என் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னான்: "அவன ஒண்ணும் கேக்காத. அவனுக்கே தெரியாது."

அந்த அம்மா தடவிப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு கண்ணு, நீ இன்னா பண்ணுவ. அடுத்த படத்துல அவனைப் பேச வெச்சிடு."

"சரிம்மா" என்றேன்.