உப்பளத்தில் ஒருத்தியைத் தேடி

நோயில்லாதவர்களைத் தேடிப் போய் நோயைப் பற்றிப் பேசுவதுதான் என் பிழைப்பு. காப்பீடு விற்பவர்களே, ஓட்டுக் கேட்டு அலைந்தவர்களே, நம்மைத் தூரத்தில் கண்டதும் கதவு சாத்தப்படும் சத்தம் உங்களுக்கும் பழக்கம்தானே? தூத்துக்குடியிலிருந்து வேம்பார் வரை கடலோரத்துப் பெண்களிடம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளைச் சொல்லித் திரியும் நர்ஸ் நான். எனக்குச் சாத்தப்பட்ட கதவுகளை அடுக்கினால் ஒரு தெருவே கட்டலாம்.

ஆட்டோ விளம்பரம்

முதல் முகாம் தருவைகுளத்தில். 'கர்ப்பப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனை, பெண்கள் அனைவரும் வருக' என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரைச் சுற்றி வந்தேன். பந்தலிலும் அதே வாசகம், ஆளுயர எழுத்தில். மதியம் வரை வந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் ஆண்கள், பிரஷர் பார்க்க வந்தவர்கள். ஈயோட்டி அலுத்துப்போய், எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் காரணம் கேட்டேன்.

"அந்தப் பேரு எழுதுன பந்தலுக்குள்ள போய்ட்டு வந்தா, நாளைக்கு எம் மவளப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

பாத்தியில் வகுப்பு

அடுத்த முறை பெண்கள் இருக்கும் இடத்துக்கே போனேன். உப்பளம். காலைக் கஞ்சிக்குக் கரையேறும்போது பேசிக்கொள்ள அனுமதி தந்தவர் செல்வமேரி அக்கா, இருபது பெண்களுக்குக் கங்காணி. வெள்ளைப்படுவது நாற்றமடிக்கிறதா, கணவனோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுகிறதா, தீட்டு நின்று வருஷக்கணக்கான பிறகு மறுபடி படுகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: சூடு. மருந்தும் ஒன்றுதான்: பதநீர். இதெல்லாம் சூட்டால் வருவதில்லை என்றேன். உடனே செல்வமேரி அக்கா என் செருப்பைக் கழற்றச் சொல்லி, உப்பு விளையும் பாத்தியில் இறக்கிவிட்டார். கால் எரிந்தது, கண் கூசியது. சூடு என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டேன். ஆனாலும் நின்ற தீட்டைச் சூடு திரும்பக் கொண்டுவராது, டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று பாத்தியில் நின்றபடியே சொன்னேன். அதன் பிறகுதான் காது கொடுத்தார்கள்.

நான் கிளம்பும்போது செல்வமேரி அக்கா, பக்கத்திலிருந்த தன் கூட்டத்துப் பெண் புஷ்பத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், இங்கன ஒருத்தி இருக்கா. அவளுக்கு நின்னு நாலு வருஷமாச்சு, இப்ப ரெண்டு மாசமா படுது. கொமரி வயசு திரும்புதோன்னு சிரிக்கா. அது சிரிக்கிற காரியம் இல்லையோ?"

புஷ்பத்தைத் துரத்திய கதை

அந்த ஓரக்கண்ணை நம்பிக் கெட்டேன். அடுத்த முகாம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு. பந்தலில் 'பெண்கள் உடல்நலப் பரிசோதனை' என்று மட்டும் எழுதினோம். செல்வமேரி அக்கா தன் இருபது பேரையும் ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினார். நான் புஷ்பத்தை முதல் ஆளாக உள்ளே அனுப்பினேன். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எனக்கு மனசு கேட்கவில்லை. வீடு தேடிப் போனேன், ஒரு முறைக்கு மூன்று முறை. மூன்றாவது முறை வாசலிலேயே மறித்தாள்.

"எனக்கு இன்னும் மாசாமாசம் வருது சிஸ்டர். கேட்டவள விட்டுட்டுப் பக்கத்துல இருந்தவளத் துரத்துதியளே, இதென்ன நர்ஸு வேல?"

கடைசி ஆள்

எங்கள் தொழிலில் 'ஒருத்தி' என்றால் கேட்டவள்தான். பாலபாடம். அதை மறந்து மூன்று வாரத்தை வீணாக்கியிருந்தேன். முகாமில் செல்வமேரி அக்கா உள்ளே போகவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் கரையேறிய பிறகே கங்காணி கரையேறுவது உப்பள வழக்கம். அதே வழக்கப்படி வரிசையின் வாலில் நின்றவர், "எல்லாரும் பாத்தாச்சு" என்று டாக்டரை வழியனுப்பியும் வைத்துவிட்டார்.

பயத்தோடு உப்பளத்துக்கு ஓடினேன். அந்த ஒருத்தி நீங்கள்தானே என்றதும் அக்கா முதலில் சீறினார். பிறகு தணிந்து, கங்காணிக்கே நோவு என்றால் கூட்டத்தை வேறு எவளாவது கொண்டுபோய்விடுவாள் என்றார். "கங்காணி கடைசியிலதான் ஏறணும், சரி. இருபது பேரும் ஏறியாச்சு. இனி யாருக்காக நிக்கிய அக்கா?" என்று கேட்டேன். காலில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"சரி, நாளைக்கு வாரேன். ஆனா பஸ்ஸுல நீ முன்னால இரு, நான் பின்னால இருக்கேன். ஒன்கூடப் பாத்தாலே ஊருக்கு விஷயம் புரிஞ்சுரும்."

மழைக்குப் பிறகு

மறுநாள் ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். கர்ப்பப்பையில் புற்று. ஆனால் அதைத் தாண்டிப் பரவவில்லை, ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர். அழுதது அக்கா இல்லை, நான்தான். மழை மாதங்களில் உப்பளம் எப்படியும் மூடிக் கிடக்கும். மறுபடி திறப்பதற்குள் அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது. கூட்டத்தைக் கலையாமல் பார்த்துக்கொண்டவள் புஷ்பம்.

பாத்தி திறந்ததும் மறுபடி வகுப்பெடுக்கப் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண் முந்தானையைத் திருகியபடி, "சிஸ்டர், எங்க தெருவுல ஒருத்திக்கு…" என்று ஆரம்பித்தாள். நான் வாய் திறக்குமுன் செல்வமேரி அக்கா எழுந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை.

"ஏளா, போன வருஷம் அந்த ஒருத்தி நாந்தான். வயித்துல தழும்பு இருக்கு, உசுரும் இருக்கு. ஞாயித்துக்கெழம வந்து எனக்கு முன்னால வரிசையில நில்லு."

அன்றிலிருந்து முகாமுக்கு நான் ஆட்டோ வைப்பதில்லை, செல்வமேரி அக்காவின் தொண்டையே வேம்பார் வரை கேட்கிறது.