மல்லிகா அக்கா உட்கார்ந்த ஒரு மணி நேரம்

பாலாறு செக்போஸ்ட்டிலிருந்து காடு முடிகிற வரை போனில் சிக்னல் இருக்காது. மேட்டூரில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு மைசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ராமாபுரத்துக்கு ரோடு பிரிகிற இடம் வந்ததும் போன் விடாமல் அடித்தது. நம் கம்பெனி பஸ் டிரைவர். "மல்லிகம்மா தீர்கொண்ட்ரு மேடம்" என்றார். எத்தனையோ சாவுச் செய்தியை இதே கன்னட வார்த்தையில் கேட்டிருக்கிறேன். அன்று மட்டும் சுருக்கென்று தைத்தது. ராத்திரிக்குக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே சரிந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். ராமாபுரம்தான் அவர் பிறந்த ஊர். அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்தபடி பஸ்ஸிலேயே அழுதேன்.

நஞ்சன்கூடு கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் அவரோடு நின்று வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? சூப்பர்வைசர் எகிறிக் குதித்தால், "கத்தட்டும் கண்ணு, தொண்டை அவருதுதான? நமக்கென்ன வலிக்குது" என்று டேப்பை ஒட்டிக்கொண்டே இருப்பாரே, அந்த அக்காவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியபின் இருந்த அக்காவை நீங்கள் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் நான் பார்த்தேன்.

ஒரு தசராவுக்கு மிக்சி வாங்கப் போன கடையில், குலுக்கலில் அக்காவுக்கு ஒரு ஸ்லோ குக்கர் விழுந்தது. உள்ளே கனமான பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி, வெளியே ஒரு திருகு. காலையில் சாமானைப் போட்டுத் திருகிவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம் வருவதற்குள் அதுபாட்டுக்கு வெந்து சூடாக இருக்கும். விசில் இல்லை, பொங்கி வழிவதில்லை, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. அக்காவின் கணவர் பழனிசாமி அண்ணன் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். பெட்டியைப் பிரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார். "அடுப்பு முன்னால பொம்பளை நின்னு ஆக்குனாத்தான் அது சோறு. ஆளில்லாத ஊட்ல தானா வெந்ததைத் திங்கறதுக்கு நான் என்ன நாதியத்தவனா?" குக்கர் பரண்மேல் ஏறியது.

கொஞ்ச நாளிலேயே அக்கா அதைப் பழைய போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "சாந்தி, உங்கூட்ல ஒரு மூலையில வெச்சுக்க கண்ணு. ரெண்டு ஊட்டுக்கும் ஒரே பானை. உங்கண்ணங்கிட்ட மட்டும் மூச்சு உட்றாத" என்றார். முதல் நாளே நான் கூத்தடித்தேன். கொள்ளோடு சேர்த்துப் புளியையும் கரைத்து ஊற்றிவிட்டேன். பகலெல்லாம் கிடந்தும் கொள்ளு கல்லாகவே இருந்தது. அக்கா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதைச் சூப்பர்வைசர் தலையில போட்டா மண்டை ஒடையும்" என்றார். "புளியும் தக்காளியும் கடைசியில ஊத்தோணும். தண்ணியும் கம்மியா வையி, ஆவி வெளியே போகாதுல்ல." இன்னொரு நாள், லீவில் இருந்த நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் தூக்கிப் பார்த்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "தெறந்தா சூடெல்லாம் போயிருமாக்கும். அதும் நம்மளாட்டந்தான். நோண்டாம உட்டா நல்லா வேலை செய்யும்."

அப்புறம் அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. ஊறவைத்த கொள்ளு, துவரம்பருப்பும் பூசணிக்காயும், பனிக்காலத்தில் பிதுக்கிய அவரைப்பருப்பு, கறி எடுத்த நாளில் ஆட்டுக்கால். காலையில் போட்டுவிட்டுப் பஸ் ஏறுவோம். சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மணம் வாசலுக்கு வந்து கூப்பிடும். இரண்டு பாத்திரமாகப் பிரித்து வைப்போம்.

பழனிசாமி அண்ணன் மண்டியிலிருந்து திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் அக்காவுக்குக் கிடைத்தது. என் சமையலறைச் சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்துவிடுவார். பகலெல்லாம் நின்று நின்று அவர் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். பேச மாட்டார். டீயைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்பார். ஒரே ஒரு நாள் சொன்னார்: "சாந்தி, கல்யாணமாயி இத்தனை வருசத்துல வெளக்கு வெக்கற நேரத்துக்கு நான் உக்காந்திருக்கறது இங்கதான்."

தெருமுனையில் அண்ணனின் பைக் சத்தம் கேட்டதும் எழுந்து, பாத்திரத்தைத் தட்டால் மூடிப் பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்கு ஓடுவார். அப்புறம் நாடகம். அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெய் ஊற்றி, கடுகு, வரமிளகாய், பூண்டு எல்லாவற்றையும் தெருவே தும்முகிற மாதிரி தாளிப்பார். வெந்த பருப்பின்மேல் அதைக் கொட்டினால் சமையல் முடிந்தது. அண்ணன் கூடத்தில் இருமிக்கொண்டே, "மெதுவா ஆக்கு, அவசரமில்லே" என்று பெரிய மனசு பண்ணுவார். ஒருநாள் நான் டம்ளர் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கொள்ளுப்பருப்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னிடமே கேட்டார்: "ஏம்மிணி, இந்த ருசி எந்த மிசினுல வரும்?" கதவுக்குப் பின்னால் அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு மணி நேரம் உட்காருவதற்கு ஒரு மனுஷி இவ்வளவு திருட்டுத்தனம் பண்ண வேண்டியிருந்ததே!

ஒரு மழைநாளில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. நாங்கள் வந்து பார்த்தபோது பானை சில்லென்று இருந்தது, பருப்பு அரைவேக்காடு. அக்கா பீங்கான் பானையை அப்படியே தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் விசில் குக்கரில் கொட்டும்போது, மழையென்று மண்டியைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்த அண்ணன் எதிரில் நின்றார். பரணில் இருக்க வேண்டிய பானையைக் கண்டதும் தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினார். "எத்தன நாளா நடக்குது இது?" அக்கா நடுங்கிப்போய், "இன்னிக்கு ஒரு நாளுத்தானுங்க" என்றார். அவர் அதை நம்பினார். நம்பியும் விடவில்லை. என் வீட்டுக்குள் நுழைந்து ஸ்லோ குக்கரைத் தூக்கிப்போய்க் பழைய இரும்பு வாங்கும் குஜரிக்காரனிடம் போட்டுவிட்டார். மறித்துப் பார்த்தேன். "எம் பொண்டாட்டி சமையல்ல நீ தலையிடாதம்மிணி" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். பகலில் கம்பெனியில் நிற்பார், ராத்திரியில் அடுப்படியில் நிற்பார். ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதை அக்கா வீட்டில் சொன்னார். "அப்ப கம்பெனியை உட்டுரு" என்று பதில் வந்ததாம். அடுப்பை விடச் சொல்ல அந்த வாய்க்கு வரவில்லை. வேறு ஒரு குக்கர் வாங்குகிறேன், என் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். அக்கா மறுத்துத் தலையாட்டினார். "வேண்டாங் கண்ணு. முந்தியும் பயந்துக்கிட்டுத்தான் உக்காந்தேன், ஆனா சிரிச்சுக்கிட்டு உக்காந்தேன். இனிமே சிரிப்பு வராது. அதுக்கு நின்னுக்கறேன்."

கருமாதிக்குப் போனேன். வாசலில் கட்டிய பேனரில் அக்கா படத்துக்குக் கீழே 'அன்னபூரணி' என்று அச்சடித்திருந்தார்கள். நல்ல கதை! அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். "ஒரு நாளு எனக்கு ஆறின சோறு போட்டதில்ல. கடைசி மூச்சுகூட அடுப்பு முன்னாலதான்." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா ஒண்ணும்மிணி, கடைசி ரெண்டு வருசமா அந்தக் கொள்ளுப்பருப்புல பழைய ருசி இல்லே. வயசாச்சில்ல, கைப்பக்குவம் போயிருச்சு அவளுக்கு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "கைப்பக்குவம் போகலைங்கண்ணா. நீங்க வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீங்களே, அதெல்லாம் என் வீட்டு மூலையில அந்த மிஷின்ல தானா வெந்தது. அக்கா ஒரு நாள் இல்ல, வருஷக்கணக்கா அப்படித்தான் போட்டாங்க. அவங்க நின்னு ஆக்க ஆரம்பிச்ச பிறகுதான் உங்களுக்கு ருசி கெட்டுது."

மொட்டையடித்த தலையோடு அக்காவின் மகன் தரையைப் பார்த்தான். அண்ணனின் முகம் சுருங்கியது. கண் கலங்கியது. ஏதோ உறைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். "அப்ப இத்தன வருசமும் என்னைய ஏமாத்தியிருக்கா" என்றார். எதற்காக ஏமாற்றினாள் என்று அவர் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைத்தான் பாவம் என்று பார்த்தார்கள். ஒருவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் இலையில் உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவின் நினைவாக இரண்டு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கு வந்தது இதுதான், மன்னிக்க வேண்டாம். நின்று சமைத்துச் செத்த மனைவியை அவர் கும்பிட்டுக்கொள்ளட்டும், அந்த அக்காவை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என் வீட்டுச் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்த மல்லிகா அக்காவை நான் வைத்திருக்கிறேன். அவரை எழுப்ப விடமாட்டேன்.