காரணம், தெரிந்தால் எழுதவும்

பெரில் ஓல்ட்ராய்டு முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். சேர்ந்த முதல் நாளே அவளுக்கு ஒன்றை மண்டையில் ஏற்றிவிட்டார்கள்: படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. ஃப்ரிட்ஜின் குளிர் எத்தனை, கோழி வெந்தபோது சூடு எத்தனை, பார்த்தது யார், எத்தனை மணிக்கு. ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டியபோது தலைமை ஆசிரியை இதைச் சொல்லித்தான் அவளைப் புகழ்ந்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கட்டம்கூட விட்டுப்போனதில்லையாம்.

அந்த நல்ல பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

ஹாலின் பேங்க் என்ற தெருவில் இருபத்தேழாம் எண் வீடு அவளுடையது. வாசலுக்கு நேரே நடைபாதையில் ஒரு லிண்டன் மரம். அவள் கணவர் நார்மன் தன் கடைசிக் கோடையில் கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொல்லி, ஜன்னல் வழியே அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மாத்திரை செய்யாததை அது செய்தது. அவர் போன பிறகு அந்த ஜன்னலுக்குப் பெரில் திரையே போடவில்லை.

ஒரு செப்டம்பரில், வாசலில் தூக்கிக்கொண்டு நின்ற நடைபாதைக் கல்லில் கடையில் சாமான் வாங்கித் தள்ளி வந்த அவளுடைய வண்டி இடித்துக் கவிழ்ந்தது. முட்டை ஒன்றுகூடத் தேறவில்லை. வேறொருத்தி என்றால் நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருப்பாள். பெரில் நகரசபையின் புகார்ப் படிவத்தை வாங்கி வந்து நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில், ‘காரணம், தெரிந்தால் எழுதவும்’ என்றிருந்தது. அவளுக்குத் தெரியாது. கல்லுக்கு இரண்டடி தள்ளி மரம் நின்றுகொண்டிருந்தது. ‘மரத்தின் வேர்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

நகரசபை தெருப் பராமரிப்பு முழுவதையும் இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு கம்பெனியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தது. மரம் நின்றால் கம்பெனிக்கு வருஷா வருஷம் பராமரிப்புச் செலவு. வெட்டிப்போட்டால் ஒரு நாளோடு தலைவலி போச்சு. காரணம் கிடைத்தால் விடுவார்களா? ஜனவரியில் மரத்தில் ஒரு அறிவிப்பு தொங்கியது. நடைபாதையைச் சேதப்படுத்துவதால் இந்த மரம் அகற்றப்படும். ஆதாரம், குடியிருப்பவர் ஒருவரின் புகார்.

தெரு கொதித்தது. பக்கத்து வீட்டு க்ளைவ் பிக்கர்ஸ்கில், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், முறை போட்டு ஆட்களை நிறுத்தினார். மரத்தடியில் ஆள் நின்றால் ரம்பம் ஓட்ட முடியாது. காலை ஆறு மணியிலிருந்து, பனியோ மழையோ, இரண்டு இரண்டு பேராக நின்றார்கள். பெரிலும் நின்றாள். முறை இல்லாத நாளில் தேநீர் கொண்டுவந்தாள்.

“எந்த நாய் எழுதிக் குடுத்துச்சோ,” என்றார் க்ளைவ். “நம்ம தெருவுல இருந்துக்கிட்டே. கையில மட்டும் கிடைக்கட்டும்.”

“டீ ஆறுது, குடி.”

“நீ இல்லன்னா இந்தக் குளிர்ல நாங்க விறைச்சே போயிருப்போம், கண்ணு.”

பெரில் நிமிராமல் அடுத்த கோப்பையில் ஊற்றினாள்.

அன்றே பெரில் நகரசபைக்கு ஃபோன் செய்தாள். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள்.

“என் புகாரைத் திரும்ப வாங்கிக்கணும்மா.”

“அது கம்பெனிக்குப் போயாச்சும்மா.”

“எழுதினது நான்தானே? நானே வேணாங்கிறேன்.”

“திரும்ப வாங்குறதுக்குன்னு படிவம் எதுவும் இல்லையேம்மா,” என்றாள் அந்தப் பெண், உண்மையாகவே வருத்தப்பட்டு.

மார்ச்சில் நீதிமன்ற உத்தரவோடும் போலீசோடும் வந்தார்கள். மரத்தடியில் நின்றால் சிறை என்று படித்துக் காட்டினார்கள். ஒவ்வொருவராக மரத்தடியை விட்டு வந்தார்கள்; க்ளைவ் கடைசியாக வந்தார். வேலி போட்டு ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றும்போது பெரில் முன்னே போனாள். ஆரஞ்சுச் சட்டை போட்ட மேஸ்திரியிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“புகார் எழுதினது நான்தான். இருபத்தேழாம் நம்பர். எனக்கு இந்த மரத்தால ஒரு தொந்தரவும் இல்ல. விட்டுருங்க.”

மேஸ்திரி கையிலிருந்த தாளைப் பார்த்தான். “நீங்கதானாம்மா அது? அப்ப நல்லதாப் போச்சு. உங்க பிரச்சினை இன்னிக்கே தீர்ந்துரும்.”

பெரில் திரும்பிப் பார்த்தாள். க்ளைவ் அவள் கொடுத்த கோப்பையை மதிற்சுவர் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

நூறு வருஷ மரம், நாற்பது நிமிஷத்தில் கீழே கிடந்தது. அதன் பிறகு தெருவில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெயில் நேரே முன்னறையில் விழுந்தது. ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கல்லைச் சரிசெய்ய இரண்டு பேர் வந்தார்கள். பெரில் வாசலில் நின்றாள். க்ளைவ் தன் கேட்டருகே நின்றார். கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டியவன் குனிந்து பார்த்தான்.

“வேரா? இங்க வேரே இல்லையே. பழைய தண்ணிக் குழாய் கசிஞ்சு ஒரு பக்கம் மண்ணு உள்வாங்கியிருக்கு, கல்லு சாஞ்சிருக்கு. ரெண்டு வாளி மணல் கொட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். வேருன்னு யாரு சொன்னது?”

“கட்டம் காலியா இருந்துச்சு,” என்றாள் பெரில்.

“காலியாவே விட்டிருக்கலாம்ல, பெரில்,” என்றார் க்ளைவ். மூன்று வாரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

மணல் கொட்டிக் கல்லை வைத்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. வேலை முடிந்ததற்கு ஒரு தாள் நீட்டினார்கள். பெரில் பெயர் எழுதினாள், எண் எழுதினாள், நேரம் பார்த்து எழுதினாள். கடைசியில் ‘வேறு ஏதேனும் கூற விரும்பினால்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனா நின்றது.

“அதைக் காலியா விடுங்கம்மா,” என்றான் அவன், மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே. “அதெல்லாம் யாரு படிக்கிறாங்க.”