அண்ணன் சொன்ன சின்னப் பெட்டி

எங்கள் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிவைத்த பாட்டு செட் வாயில்லாமல் வந்து சேர்ந்தது. கேசட் போடும் டெக் இருந்தது, சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் இருந்தது, ஸ்பீக்கர் மட்டும் இல்லை. கொண்டுவந்தவர் பொம்மையார்பாளையத்துக்காரர். "கனமா இருக்குதுன்னு ஒங்க புள்ள அத மட்டும் உட்டுட்டாரு" என்று சொல்லி, அம்மா கொடுத்த காப்பியைச் சூடு ஆறும் முன்பே விழுங்கினார். அம்மா கேட்ட எந்தக் கேள்விக்கும் நிற்காமல் பஸ் பிடிக்க ஓடிவிட்டார்.

கூடவே ஒரு கேசட்டும் தந்திருந்தார். அதில் பாட்டு இல்லை, அண்ணன் பேசியிருந்தான். வெளிநாடு போனவர்கள் அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதிலாக இப்படிக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கிப் போட்டோம். சளி பிடித்தவன் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல அண்ணன் பேசினான். ஏ.சி. ரூமில் இருக்கிறானாம். மத்தியானம் பிரியாணியாம். ஸ்பீக்கர் வாங்கும்போது அப்பா பேச்சைக் கேட்டுப் பீரோ அளவுக்கு வாங்கிவிடக் கூடாதாம். அலமாரியில் புத்தகத்தோடு புத்தகமாக வைக்கிற சின்னப் பெட்டி ஜோடியாக வருகிறதாம், அதுதான் ஒசத்தியாம், திண்டிவனத்தில் ஒரு கடையில் கிடைக்குமாம்.

அம்மாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. கேசட் ஓடும்போதெல்லாம் அழுதாள். "நடுவுல அம்மாம்பெரிய கடலு இருக்குதே" என்பாள். "பம்பாய்ல ஏரோப்ளேன் ஏறுனவன் அரை நாள்ல எறங்கிட்டான், நீ இன்னா கடலு கடலுன்னிக்கினு" என்று அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு அவர் தட்டில் ரசம் மட்டும்தான் விழுந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. கவலைப்படுவதில் அந்த வயதிலேயே நான் கைதேர்ந்தவள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் கேசட்டை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும், பக்கத்தில் கொண்டுபோனால் பேச்செல்லாம் அழிந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அண்ணன் அழிந்துவிட்டால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

கடையில் அப்பா நேராகப் பெரிய பெட்டிகளிடம் போனார். காதை வைத்துக்கொண்டு விரலை மடக்கித் தட்டினார்.

"இன்னாண்ணே, பலாப்பழமா வாங்க வந்தீங்க?" என்றார் கடைக்காரர்.

ஒரு பாட்டைப் போடச் சொல்லிவிட்டு அப்பா தெருவில் இறங்கினார். எதிரே இருந்த டீக்கடைவரை நடந்துபோய், அங்கிருந்து கையை ஆட்டினார். "கேக்குது! கேக்குது!"

"வூட்டுக்குக் கேக்கவா, ஊருக்குக் கேக்கவா?"

"ரெண்டுக்குந்தான்" என்று அப்பா பெருமையாகத் திரும்பி வந்தார்.

அம்மா வாயைத் திறந்தாள். "பாட்டு வேணாம். எம்புள்ள பேசனத போடு."

நான் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். பெரிய பெட்டியில் அண்ணன் கிணற்றுக்குள் நின்று பேசினான். "யார்ரா இவன், ஓட்டு கேட்டு வந்தவன் மாரி" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். கடைக்காரர் அலமாரியிலிருந்து இரண்டு சின்ன மரப்பெட்டிகளை இறக்கினார். செருப்பு வாங்கினால் தரும் அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்த உயரம்தான்.

"இதுக்குள்ள இன்னா இருக்கும்? தவக்களயா?" என்றார் அப்பா.

கடைக்காரர் பெட்டிகளை இரண்டு ஓரத்திலும் வைத்து, எங்களை எதிரே ஸ்டூலில் உட்காரவைத்து, கேசட்டை ஓடவிட்டார். அண்ணன் பெட்டியிலிருந்து பேசவில்லை. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால் நின்று பேசினான். எச்சில் விழுங்கியது கேட்டது. 'யம்மா' என்று சொல்லும் முன் அவன் மூச்சு இழுத்தது கேட்டது. அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

எனக்கு வேறொன்றும் கேட்டது. எங்கள் வீடு ரயில் பாதை ஓரம். தூங்கிக்கொண்டே எது கூட்ஸ், எது பாசஞ்சர் என்று சொல்வோம்.

"யம்மா, அண்ணன் ரூமுக்குப் பின்னால ரயிலு போவுது!"

கடைக்காரர் சிரித்தார். "துபாய்ல ஏது பாப்பா ரயிலு? அங்க பூரா மணலு." என்னைப் பொய்யாக்குவதற்காகவே கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். 'ஏ.சி. ரூம்ல நல்லா இருக்கேம்மா' என்று அண்ணன் சொல்ல, அவன் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று ஒரு ரயில் வந்து நின்றது. ஒரு பெண் இந்தியில் ஏதோ அறிவித்தாள்.

"அட, பம்பாய் கரண்ட் ரயிலு! தாதர் ஸ்டேஷன்னு சொல்றா பாருங்க. நான் சாமான் எடுக்கப் போவ சொல்ல..." என்று உற்சாகமாக ஆரம்பித்த கடைக்காரர், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு, "அந்தப் பெரிய பொட்டியவே கட்டு" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அண்ணன் கேட்ட பெட்டி வீட்டுக்கு வந்திருக்கும். என்னால் கெட்டது. அதோடு, கடைக்காரர்மேல் கோபமும் வந்தது. துபாய்க்குப் போகாதவருக்குத் துபாய் ரயிலைப் பற்றி என்ன தெரியும்? அண்ணன் அங்கே இருக்கிறான், ரயில் சத்தமும் அங்கே கேட்கிறது, அப்புறம் என்ன? அதற்கப்புறம் இரண்டு வருஷத்தில் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அரேபியா வரும் பூகோளப் பாடத்தை நான் பார்க்கவே இல்லை.

"செத்த இரு" என்றாள் அம்மா. "இன்னொரு வாட்டி போடு."

மூன்று முறை போடச் சொன்னாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்புறம் கடைக்காரரைக் கேட்டாள்: "அந்த ஊருக்கு ரயில்ல எத்தினி நாளு?"

"மெட்ராஸ்ல ஏறுனா ஒரு நாளு, கூடக் கொஞ்சம் ஆவும்மா."

"நடுவுல கடலு இல்லியே?"

"கடலு ஏதும்மா? பூராத் தண்டவாளந்தான்."

"அப்ப சின்னதையே கட்டு."

திரும்பும்போது அப்பா பொருமிக்கொண்டே வந்தார். "பொய் சொல்லிக்கினு இருக்கறான்டி அவன். துபாய்க்கு அனுப்பறன்னு ஏஜெண்டு ஏமாத்திட்டான்னா வாயத் தொறந்து சொல்ல வேணாமா? எவன் கடையில ஊழியம் பண்ணிக்கினு கெடக்கறானோ!"

"நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல" என்ற அம்மா, பஸ் ஜன்னல் வழியாக வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம் வாங்கி, கடலையை உரித்து உரித்து என் வாயில் போட்டாள். அவள் அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. மணலில் போட்ட தண்டவாளம் புதைந்துபோகாதா, ரயில் கவிழாதா, அண்ணன் அதில் ஏறாமல் இருக்க வேண்டுமே என்று நான் மென்றுகொண்டே கவலைப்பட்டேன்.

விழுப்புரத்தில் இறங்கியதும் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஸ்டேஷனுக்கு நடந்தாள். டிக்கெட் கவுண்டரில் முகத்தை நுழைத்து, "பம்பாய்க்கு எப்டிப் போறதுங்க? ஒரு டிக்கெட்டு வேணும்" என்றாள்.

கக்கத்துக்கு ஒன்றாக ஸ்பீக்கரை இடுக்கிக்கொண்டு பின்னால் நின்ற அப்பா, தொண்டையைச் செருமினார். "ரெண்டா கேளு."

இவ்வளவு பெரியவர்கள் இரண்டு பேரும் ஊர்ப் பெயரை இப்படித் தப்பாகச் சொல்கிறார்களே, போய்ச் சேர்ந்தபின் அண்ணனை எங்கே தேடுவார்கள் என்று எனக்குப் பதறியது. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, கவுண்டர்காரருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னேன்: "யம்மா, துபாய்க்குக் கேளும்மா."