மின்னல்கத்தி பிறந்த கதை

புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே அய்யாதுரையைக் கொன்றுவிட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரே வெட்டு. இளநீர்க் குலைகளின் மேல் கண் திறந்தபடி மல்லாந்து கிடந்தான். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, உயிரோடிருந்த அய்யாதுரை புத்தகத்தை மனைவியிடம் நீட்டினான்.

"நான் செத்துப் போயிட்டேன் போலுக்கு."

ஜெயபாரதிக்குச் சிரிப்பு வரவில்லை. மந்தைவெளி ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் இளநீர் வெட்டி விற்பவள் அவள். பேப்பரில் வந்த செய்தியைப் படித்துவிட்டு சாய்சரண் என்கிற இளைஞன் தேடி வந்து, "உங்களை வெச்சு ஒரு காமிக்ஸ் போடறேன்க்கா" என்றபோது தலையாட்டியிருந்தாள். அவன் போட்ட கதை இது. முகமூடிக்காரர்கள் மூன்று பேர் அவள் புருஷனை வெட்டிச் சாய்க்கிறார்கள். பிணத்தின் மேல் விழுந்து அவள் கதறும்போது வானம் பிளந்து, மின்னல் அவள் கத்தியில் இறங்குகிறது. அன்று முதல் அவள் மின்னல்கத்தி. அநியாயம் நடக்கிற இடத்திலெல்லாம் வந்து நிற்பாள்.

நடந்தது வேறு.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மதியம். ரத்தம் சொட்ட ஒருவன் ஓடிவந்து அவள் வண்டிமேல் மோதி விழுந்தான். காது ஒன்று தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. "யக்கா, உட்றாத யக்கா" என்று அவள் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டான். பின்னாலேயே மூன்று பேர். முன்னால் வந்தவன் கீழே கிடந்தவன் முதுகில் வெட்டினான். அடுத்த வெட்டு குறி தவறி ஜெயபாரதியின் கெண்டைக்காலைக் கிழித்தது.

அவள் இடது கையில் பாதி சீவிய இளநீர் இருந்தது. அதை அப்படியே வெட்டியவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டாமவன் பாய்ந்தான், அவள் வெட்டைத் தோளில் வாங்கிக்கொண்டு அலறியபடி ஓடினான். மூன்றாமவன் ஒல்லி, மீசைகூடச் சரியாக முளைக்காதவன். அவளைத் தாண்டிக் கீழே கிடந்தவன் பக்கம் கையை நீட்டினான். அவள் கத்தி இறங்கியது. மணிக்கட்டோடு கை விழுந்தது.

இளநீரின் தலையைச் சீவும்போது வருகிற அதே சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்குள் பயம் எழவில்லை, ஒரு சந்தோஷம் எழுந்தது. கீழே விழுந்து துடித்தவனை மறுபடியும் வெட்டினாள், தொடையில். மூன்றாவது முறை ஓங்கியபோது யார் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். அய்யாதுரை மூன்று சக்கர வண்டிக்கு அடியில் ஒளிந்து கிடந்தான்.

தற்காப்பு என்று சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனில் அவள்மேல் வழக்குப் போடாமல் விட்டார்கள். தட்டிக்கொடுத்தும் அனுப்பினார்கள். பெண் போலீஸ் ஒருத்திதான் வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீ காப்பாத்தினவன் பேரு ஜவஹர். போன வருஷம் ராயப்பேட்டைல அந்தக் கை போன பையனோட அண்ணனை, வீட்டு வாசல்ல வெச்சே வெட்டினவன். ஜாமீன்ல வந்திருக்கான்."

கை போனவன் பெயர் அஸ்வின். அன்றைக்கு ஜெயபாரதி வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தவள், பிசைந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் ஜவஹர் ஒட்டுப்போட்ட காதோடு, ஸ்வீட் பாக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தான். பாக்ஸைச் சாக்கடையில் எறிந்தாள். "இந்தப் பக்கம் வந்த, மீதிக் காதும் இருக்காது."

புருஷன் செத்துக்கிடந்த அந்தப் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு அவள் ராஜா அண்ணாமலைபுரத்தில் சாய்சரணின் ஃபிளாட்டுக்குப் போனாள்.

"இன்னா சார் இது? எம்புருசன் குத்துக்கல்லாட்டம் கீறான். அவனை இன்னாத்துக்குக் கொன்ன?"

"அக்கா, அவர் செத்தாதான் உங்க கோபத்துக்குக் காரணம் இருக்கும். ஒரிஜின் கதைன்னா, ஹீரோ பொறந்த கதைன்னா, ஒரு இழப்பு வேணும்."

"காரணம்லாம் ஒண்ணும் இல்ல. அவன் காலைப் புட்ச்சான். இவன் என் காலை வெட்டினான். நான் வெட்டினேன். அதப் போடு. ரெண்டாவது வாட்டி வெட்டினதையும் போடு. அந்தப் பையனுக்கு மொகமூடி வாணாம், மொகம் போடு. அவன் அண்ணனைப் பத்தியும் போடு."

சாய்சரண் பென்சிலைக் கீழே வைத்தான். "அப்படிப் போட்டா நீங்க யாருக்கா அதுல?"

"நான்தான். வேற யாரு?"

பல வாரம் அவன் போனே செய்யவில்லை. பிறகு புது இதழோடு வந்தான். மின்னல் இல்லை. அய்யாதுரை வண்டிக்கடியில் இருந்தான். விழுந்தவனை அவள் இரண்டாம் முறை வெட்டுகிற படம் ஒரு முழுப்பக்கம். அவள் முகத்தில் பல் தெரிந்தது. ஜெயபாரதி அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதான்" என்றாள்.

புத்தகம் வெளிவந்த சில நாளில் ஒரு பெண்மணி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நேராக வந்து, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஜெயபாரதியின் வாயில் அடித்தாள். உதடு கிழிந்தது. மறுபடி அடித்தாள். ஜெயபாரதியின் கை பழக்கத்தில் கத்திப் பிடியைத் தொட்டது. தொட்டதும் சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

"ஒரு புள்ளயக் குழில போட்டேன். இன்னொண்ணுக்கு நான்தான் சோறு ஊட்டிக்கினு கீறேன். நீ படம் போட்டு விக்கிறியா?" அஸ்வினின் அம்மா இதழைப் பிரித்து, மகன் கத்தியோடு நிற்கிற கட்டத்தில் விரலை ஊன்றினாள். "யார்டி சொன்னது என் புள்ள கைல கத்தி இருந்திச்சின்னு? வெறுங்கையோட போனான். கூடப் போனவனுங்களை இஸ்துக்கினு வரப் போனான்!"

ஜெயபாரதி குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அந்தக் கையில் கத்தி பளபளத்ததை எத்தனையோ முறை மனதில் பார்த்திருந்தாள். இப்போது தேடினால் கை தெரிந்தது, கத்தி தெரியவில்லை. அந்த அம்மா அவள் முகத்தில் காறித் துப்பிவிட்டு, நின்றிருந்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அய்யாதுரை ஈரத்துணியோடு ஓடிவந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நீ கீழ இருந்து பாத்தியே. அவன் கைல கத்தி இருந்துதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டுல்லா கெடந்தேன்."

மறுநாள் வீங்கிய உதட்டோடு மறுபடி சாய்சரணிடம் போனாள். எல்லாம் கேட்டுவிட்டு அவன், "இருந்துதா இல்லையா, ஒண்ணு சொல்லுங்கக்கா" என்றான்.

"தெர்யலன்னு போடு."

"தெரியலைங்கறதை எப்படிக்கா வரையறது?"

அவளுக்கும் தெரியவில்லை. அடுத்த பதிப்பில், வெட்டு விழுவதற்கு முந்தின கட்டத்தில், அஸ்வினின் கை ஜவஹரின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. சாய்சரண் இரண்டு பிரதி கொடுத்தான். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அவள் ராயப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். அஸ்வின் வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டது. நின்று பார்த்துவிட்டு, புத்தகத்தைக் கதவடியில் தள்ளினாள். அது பாதி உள்ளே போனது. மீதியை உள்ளிருந்து யாரோ இழுத்துக்கொண்டார்கள்.