இரண்டாவது என்று சொல்லிவிட்டுப் போன தரகர்

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களால் செஞ்சிக் கடைத்தெருவில் குறுக்கே நடக்கக்கூட வழியில்லை. புதுச்சேரி பஸ் கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் சாக்குக் கடைக்கு வந்தார். "செட்டியாரே, ஆஸ்பத்திரியில நம்ம தரகர் காலைல பூட்டாரு. வண்டி வச்சி எடுத்துனு வராங்க" என்று சொல்லிவிட்டு, நின்றிருந்த பஸ்ஸுக்கு ஓடினார். நான் கையிலிருந்த சாக்கை ஒழுங்காக மடித்து அடுக்கில் வைத்தேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

தரகர் ஏகாம்பரத்தை உங்களில் பலருக்கு வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை மண்டியில் பழக்கம். துண்டுக்கு அடியில் விவசாயியின் விரலையும் வியாபாரியின் விரலையும் மாறி மாறிப் பிடித்து, கடைசியில் துண்டை உதறி விலையை வாய்விட்டுச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். இரண்டு பக்கத்திலும் மறுபேச்சு இருக்காது. அந்த வாய்தான் அவருக்கு முதல். வேறு சொத்து என்று பார்த்தால் ஒரு பழைய சைக்கிள். அதிலும் மணி அடிக்காது.

இப்படிப்பட்டவருக்கு ஜப்பான் பந்தயக் கார் மேல் எப்படிப் பித்துப் பிடித்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அவருடைய அக்கா மகன் குமார், இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ஜப்பானுக்குப் போகும் கப்பலில் வேலை பார்க்கிறான். அங்கே வாங்கும் பத்திரிகைகளை, ஊருக்கு வருபவர்கள் கையில் மாமாவுக்குக் கொடுத்தனுப்புவான். எழுத்து ஒன்றும் புரியாது, படம் மட்டும்தான். அதில் ஸ்கைலைன் என்றொரு கார். பிள்ளை குட்டிகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாதிரியான குடும்பக் கார். அதன் முன்பக்கத்தை வெட்டி நீட்டிப் பெரிய இன்ஜினை வைத்துப் பந்தயத்துக்கு விட்டிருந்தார்கள் என்று குமார் சொல்லியிருந்தான். "வீட்டு வண்டி செட்டியாரே. பந்தயத்துக்குன்னே பொறந்தவன்கூட மல்லுக்கு நிக்குது பாரு" என்பார். தன் வீட்டுப் பெண் பரீட்சையில் தேறிவிட்டதைப் போல முகம் மலரும்.

அறுபத்து நாலாம் வருஷம் ஒரு பத்திரிகை வந்தது. சுசூகா என்ற ஊரில் நடந்த பெரிய பந்தயம். தாழ்வாகப் படுத்துக்கிடக்கும் ஜெர்மன் பந்தயக் கார் பின்னால் வர, நம் ஸ்கைலைன் முன்னால் போகிறது. படத்தைப் பார்த்ததும் தரகர் துண்டை உதறினார். "ஜெயிச்சிட்டான்" என்றார். அன்றைக்குக் கடைத்தெரு முழுக்கப் பூந்தி. எந்த வண்டி, என்ன பந்தயம் என்று யாருக்குத் தெரியும்? தரகர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் வாங்கித் தின்றோம்.

சில மாதம் கழித்து லீவில் வந்த குமார் என் கடையில் வைத்துத்தான் உண்மையைச் சொன்னான். "இல்ல மாமா. ஒரே ஒரு சுத்துதான் முன்னாடி போச்சு. அப்ப எடுத்த படம் அது. அப்புறம் அவன் தாண்டிட்டான். நம்மது ரெண்டாவதுதான்."

தரகர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பூந்தி கொடுத்த கடை ஒவ்வொன்றாக ஏறி, "நான் சொன்னது தப்பு. ரெண்டாவதுதான் வந்துச்சாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மானம் போயிற்று. நான் பின்னாலேயே போய்த் துண்டைப் பிடித்து இழுத்தும் அவர் நிற்கவில்லை. டீக்கடை பக்கிரி, "அப்ப தின்ன பூந்திய திருப்பித் தரணுமா?" என்று கேட்டார். "பூந்தி வவுத்துலயே கெடக்கட்டும். சொன்ன சொல்ல மட்டும் குடுத்துடு" என்றார் தரகர். சிங்கவரத்து விவசாயி ஒருவர் சிரித்துவிட்டார். "ஜப்பான்ல எவன் ஜெயிச்சா உனுக்கு இன்னா தரகரே?"

"எனுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் சொல்லிட்டேனே."

அன்றிலிருந்து அவர் பெயர் ஜப்பான் தரகர். அதற்காக மண்டியில் அவர் வியாபாரம் குறையவில்லை. கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காரைப் பற்றி மட்டும் அவர் பிறகு ஊருக்கு எதுவும் சொன்னதே இல்லை. அங்கே ஜெயித்தது, இங்கே ஜெயித்தது என்று அரைகுறைத் தகவல் வரும்போதெல்லாம், "பெரிய பந்தயத்துல ஜெயிக்கட்டும், பாத்துக்கலாம்" என்பார். அதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஐந்து வருஷம் போயிற்று. இந்த வருஷம் வயிற்றில் கட்டி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது, குமாரின் கூட்டாளி கொண்டுவந்த புதுப் பத்திரிகையை எடுத்துப்போனேன். ஃபூஜி மலையடிவாரத்தில் பெரிய பந்தயம். புது ஸ்கைலைன், இன்னும் பலமான இன்ஜினாம். பந்தயம் முடிகிற இடத்தில் கட்டம் போட்ட கொடியை ஆட்டுகிறார்கள். வேறொரு கார் கோட்டைத் தாண்டுகிறது, நம் கார் அதன் பின்னால். தரகர் படத்தை மார்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கை மெலிந்து குச்சியாக இருந்தது.

"இந்தத் தபா கொடியே தெரியுது. சந்தேகமில்ல. ரெண்டாவதுதான்" என்றார். பிறகு, "கடையில சொல்லிடு செட்டியாரே. கேப்பானுங்க" என்றார்.

சொன்னேன். பக்கிரிகூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவர் கடைத்தெருவுக்குச் சொன்ன கடைசிச் சொல்.

கருமாதிக்குக் குமார் வந்து சேர்ந்தான். மாமா வீட்டு அலமாரியில் இருந்த அந்தப் புதுப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தவன், "மாமா இதப் பாத்தாரா?" என்றான். பார்த்தார், இரண்டாவது என்று சொல்லி அனுப்பினார் என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, இல்லீங்க. முன்னாடி போனவன் பின்னாடி வந்தவங்கள வழி விடாம மறிச்சி ஓட்டுனான்னு, அவன் கணக்குல ஒரு சுத்தைக் கழிச்சிட்டாங்க. நம்ம வண்டிதான் ஃபர்ஸ்ட்."

தரகரின் மனைவி ராஜம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அது தெரியாமலே பூட்டாரா?" என்று கேட்டார். முன்னால் போனபோது ஜெயித்தான் என்றார், பின்னால் போனபோது தோற்றான் என்றார், இரண்டு தடவையும் படம் அவரை ஏமாற்றிவிட்டது. முதல் தடவை திருத்திச் சொல்ல அவர் இருந்தார். ராஜம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, கடையில போயி சொல்லிட்டு வாங்க. அவரு இருந்தா இந்நேரம் கெளம்பியிருப்பாரு" என்றார்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். அன்று அவரைப் பிடித்து இழுத்த நான்தான், கடை கடையாக ஏறி, "தரகர் சொன்னது தப்பு. ஃபர்ஸ்ட்டு வந்துச்சாம்" என்று சொன்னேன். பக்கிரி பூந்தியைப் பொட்டலம் கட்டி, "வூட்ல குடுத்துடு" என்று என் கையில் வைத்தார்.

அந்தத் துண்டை ராஜம்மாள் என்னிடமே கொடுத்துவிட்டார். சொன்னது தப்பென்றால் அதே வாசலுக்குத் திரும்பிப் போகும் அந்த நடையையும் அவரிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். கடைசியாக மண்டிக்குப் போனேன். அவர் உட்காரும் மூட்டை காலியாக இருந்தது. சொல்ல வேண்டிய ஆள் இன்னும் ஒருவர் பாக்கி. அந்த மூட்டைக்கு எதிரில் நின்று துண்டை உதறினேன்.

"தரகரே, நம்ம வண்டி ஜெயிச்சிட்டான்."