ஐந்தாவது மன்றாட்டு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நாட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும். கிரிக்கெட்டில் நாம் தோற்கிற நாளில் எங்கள் வீட்டில் ரிமோட்டை ஒளித்து வைத்துவிடுவார்கள், நான் தூக்கி எறிந்துவிடுவேன் என்று. அப்படிப்பட்ட ஆள் அந்த வியாழக்கிழமை காலை பெங்களூர் பீன்யாவில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தச் செய்தியைக் கேட்டால் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு நம் ஊர்களில் குண்டு வைக்க ஆள் அனுப்புகிறவன் என்று பல வருடங்களாகச் செய்தியில் அடிபட்ட ஒரு பெயர். அவனை நம் ஆட்கள் தீர்த்துவிட்டார்கள். கேட் பக்கத்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் கன்னடக்காரர், சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பவர். அன்றைக்கு அவர் மைசூர்பாக் பெட்டியோடு நின்றார். “குரு, தகோ, ஸ்வீட் தகோ!” என்று, எடுத்துக்கொள் நண்பா என்பதுபோல், ஒரு துண்டை என் வாயிலேயே திணித்துவிட்டுத் தோளில் கைபோட்டார். பதினெட்டு வருடத்தில் அவர் என் தோளில் கைபோட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாட்டுப்பற்றில்தான் கலங்கியது என்று அப்போது நினைத்தேன்.

நான் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் செய்த வேலையில் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் செய்த தப்பைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் விவேக் நகர்க்காரர்கள், கத்தோலிக்கர்கள். வியாழக்கிழமை மாலைத் தமிழ்ப் பூசையில் மன்றாட்டுகளை எழுதி வாசிப்பது வாரம் ஒரு அன்பியத்தின் பொறுப்பு. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் முப்பது நாற்பது குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு அன்பியம். எங்கள் அன்பியத்தின் முறை வந்தால் எழுதுவதும் நான்தான், வாசிப்பதும் நான்தான்; என் குரல் கணீரென்று இருக்கும் என்பார்கள், நானும் மறுத்ததில்லை. மன்றாட்டு ஐந்துதான், ஆறு கிடையாது. நாம் இழுத்தடித்தால் அடுத்த இங்கிலீஷ் பூசைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று மணி பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். திருச்சபைக்கு ஒன்று, ஆட்சியாளர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, பங்கு மக்களுக்கு ஒன்று. ஐந்தாவது எப்போதும் இறந்தவர்களுக்கு. அன்றைய பூசை யாருக்காகவோ அவருடைய பெயரைச் சொல்லி, அவர் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று கேட்போம்.

அந்த வியாழக்கிழமை எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஒருவர் இறந்த முப்பதாம் நாள், பூசை அவருக்காக. என் மகளை ஏழு வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவர். ஒருமுறை காவிரித் தகராறில் பஸ்ஸெல்லாம் நின்றுபோய் நான் கம்பெனிக்குள்ளேயே மாட்டிக்கொண்டபோது, விவேக் நகரிலிருந்து பீன்யா வரை சந்துபொந்தெல்லாம் சுற்றி வந்து என்னை வீட்டில் சேர்த்தவர். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஞாயிற்றுக்கிழமையே ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

“தம்பி, முழுப் பேரும் வரணும், அவங்கப்பா பேரோட. பெரியவன் குவைத்துல லைவ்ல பாப்பான். அடக்கத்துக்குத்தான் லீவு குடுக்கல அவனுக்கு. இதையாச்சும் காதால கேக்கணும்ங்கறான்.”

“நான் இருக்கேன்க்கா, நீங்க போங்க” என்று பெரிய மனிதன்போல் சொல்லி அனுப்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் மன்றாட்டுகளை எழுத உட்கார்ந்தேன். கேன்டீன் டிவியில் அதே செய்தி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய நாளில் கடவுளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் விடலாமா என்று தோன்றியது. இறந்தவர்களை நாலாவதோடு சேர்த்துவிட்டு, ஐந்தாவது இடத்தில் அதை எழுதலாம் என்று முடிவுசெய்தேன். ஐந்தாவதை எழுதினேன், நன்றாகவே எழுதினேன், இரண்டு பேருக்குப் படித்துக்கூடக் காட்டினேன். நாலாவதில் சேர்க்க வேண்டியதைச் சேர்க்க மறந்துவிட்டேன். வழக்கமாகத் தாளை முன்கூட்டியே ஃபாதரிடம் காட்ட வேண்டும். பஸ் தாமதம் என்று சாக்கு வைத்துக்கொண்டு நேரே வாசக மேடைக்குப் போனேன். காட்டியிருந்தால் அவர் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார் என்பது எனக்கே தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கோயில் நிறைந்திருந்தது. அக்கா முதல் வரிசையில் வெள்ளைப் புடவையில், கோலாரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். நான் கணீரென்று வாசித்தேன். ஐந்தாவதில் அந்தப் பெயரைச் சொல்லி, இன்று மாண்டுபோன அவனுடைய முடிவுக்காகவும் நம் வீரர்களுக்காகவும் நன்றி சொல்லி முடித்தேன். கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. கோயில் முழுக்க வழக்கமான அதே ராகத்தில், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. ஃபாதர் மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் மெழுகுவத்தி விற்கிற அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“கடைசில ஒரு பேரு படிச்சீங்களே, அது யாரு சார்? நம்ம பங்கு மாதிரி தெரியலியே. எந்தத் தெரு?”

ஐந்தாவதில் வருகிற பெயர் செத்தவர் பெயர், செத்தவருக்காகச் செபிக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த அம்மாவின் கணக்கு. “பாவம், யாராயிருந்தா என்ன, ஒரு செபமாலை சொல்லிடறேன்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளுக்குச் சில்லறை கொடுக்கப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே பையிலிருந்த தாளை எடுத்தேன். அப்படியானால் ஆட்டோக்கார அண்ணன் பெயரை நான் எங்கே வாசித்தேன்?

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. மாதா சிலை இருக்கிற கெபி பக்கத்தில் அக்கா சொந்தக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தின் வழியாக நழுவி வீட்டுக்கு ஓடினேன். அவ்வளவு வீரம்.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. நல்ல பீஸை ரிஜெக்ட் பெட்டியில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மைசூர்பாக் தீர்ந்ததோடு இன்சார்ஜின் முகமும் பழையபடி ஆகிவிட்டிருந்தது. கேன்டீன் டிவியில் தங்கம் விலை ஓடியது. செத்தவனின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன், தெளிவாக வரவில்லை. அவன் செய்தது கொடுமைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அவனுக்காக நான் அழப்போவதும் இல்லை. ஆனால் அவன் செத்தான் என்று கேட்டதும் எனக்குள் பொங்கியதே, அது என்ன? குண்டில் செத்தவர்களில் ஒருவர் பெயரையாவது எனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டேன். தெரியாது. கொன்றவன் பெயர்தான் மனப்பாடமாக இருந்தது.

மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். அக்கா மட்டும் சமையலறையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நாலாவது, ஐந்தாவது, தாள், பஸ். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கேட்டுட்டுத்தான் இருந்தேன் தம்பி. இப்ப வரும் இப்ப வரும்னு. அப்பறம் நீங்க தாளை மடிச்சிட்டீங்க.” கையைத் துடைத்துக்கொண்டார். “உங்கமேல கோவம்லாம் இல்ல. ஒண்ணுதான் புரியல. இவர் பேரையே மறக்கற அளவுக்கு உங்களுக்கு என்னா சந்தோஷம் அது?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். நாடு, வீரர்கள், பாதுகாப்பு என்று கேன்டீனில் சரளமாக வந்த வார்த்தைகள் அந்தச் சமையலறையில் வரவில்லை. வேறொன்று வந்தது. என் மனைவியிடம்கூட நான் சொல்லாதது.

“சந்தோஷம் இல்லக்கா. பயம். இங்க பொறந்து இங்கயே வளந்தவன் நான். இன்னைக்கும் புதுசா ஒருத்தன் வந்தா யாவூரு, எந்த ஊருன்னுதான் கேக்கறான். தமிழன், அதுலயும் கிறிஸ்தவன். நாட்டுல எது நடந்தாலும் நீ எந்தப் பக்கம்னு யாராச்சும் கேட்டுடுவாங்களோன்னு இருக்கும். கேக்கறதுக்கு முன்னாடி நானே சத்தமா சொல்லிடறது. நேத்து எங்க இன்சார்ஜ் என் தோள்ல கைபோட்டாரு. அப்பாடா, சேத்துக்கிட்டாங்கடான்னு இருந்திச்சு.”

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. இத்தனை வருடம் வண்டியில் ஒட்டிய கொடிகள், நவம்பரில் கன்னடக் கொடியின் மஞ்சள் சிவப்பு, ஆகஸ்டில் மூவண்ணம். அதில் அன்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. அன்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அந்த ஐந்தாவதை எழுதியது அன்பு இல்லை.

“கோயில்ல யாரு உங்களை எந்தப் பக்கம்னு கேட்டா?” என்றார் அக்கா. “நாங்கல்லாம் உங்களைத் தெரிஞ்சவங்கதானே.”

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். உண்மைதான், யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் கேட்டிருந்த ஒரே ஒரு பெயரை விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், இனிமேல் அந்தப் பதிலை எங்கும் ஒப்பிக்க வேண்டியதில்லை என்கிற நிம்மதியும் இருந்தது, மறைப்பானேன்.

அப்போது போன் அடித்தது. குவைத்தில் வெள்ளிக்கிழமை லீவு. அக்கா எடுப்பதற்கு முன்னால் அவசரமாக என்னிடம், “பேரு வாசிச்சாங்க, உனக்குத்தான் நெட்டு கட்டாயிருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க” என்றார். என்னைக் காப்பாற்றுவதற்காகத் தான் பெற்ற பிள்ளையிடமே பொய் சொல்லியிருக்கிறார். போனை என் கையில் கொடுத்தார்.

திரையில் பையன் இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தான். அப்பா ஜாடை அப்படியே.

“அங்கிள், தேங்க்ஸ். அப்பா பேர் வாசிச்சீங்களாமே. ஸ்டோர் ரூமுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுத்தான் பாத்தேன். எனக்கு மட்டும் கேக்கவேயில்ல.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லப்பா” என்றேன். “உன் நெட்டுல தப்பு இல்ல. நான் வாசிக்கல. வேற ஒருத்தன் பேரை வாசிச்சேன்.”

மேல்தட்டில் யாரோ தூக்கத்தில் புரள்வது கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டட்டும் என்றும் இருந்தது.

“இப்ப வாசிப்பீங்களா அங்கிள்?”

அடுத்த வியாழக்கிழமை வாசிக்கிறேன், ஃபாதரிடம் பேசுகிறேன் என்று சொல்ல வந்தேன். அவன் அதற்குள் எழுந்து நின்றுவிட்டான். அக்காவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். நானும் எழுந்தேன். கையில் தாள் இல்லை, தேவைப்படவும் இல்லை. அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நின்று, ஆட்டோக்கார அண்ணனின் அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொன்னேன். எங்கள் தெருப் பெயரைச் சொன்னேன். முப்பத்தோரு வருடம் இந்த ஊரில் ஆட்டோ ஓட்டியவர், எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், அவருக்கு இளைப்பாற்றி கொடும் என்று கேட்டேன். கணீர் குரலெல்லாம் எங்கோ போயிருந்தது. பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து ஒருவழியாக முடித்தேன்.

பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இன்னொரு தடவை அங்கிள்” என்றான். “பேரை மட்டும்.”

சொன்னேன்.